விசிலுக்காக நிற்கும் இடம்

9 ஜூன் 2025, திங்கள்

கட்டுப்பல் மாட்டி இன்றோடு பன்னிரண்டு நாள். மேல் வரிசையில் முன்பல் இரண்டு. சோறு தின்ன முடிகிறது. முறுக்கு முடியாது. "சனிக்கிழமை" என்று சொன்னால் எதிரில் இருப்பவர் மேல் தெறிக்கிறது. கம்பெனியில் பக்கத்து டேபிள் மாரியாத்தாள் ஸ்டூலைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். "பேசுங்க்கா, ஆனா அந்தப் பக்கம் பாத்துப் பேசுங்க, காப்பர் காயில் நனையுது" என்கிறாள். சிரித்தால் பல் கழன்றுகொள்ளப் பார்க்கிறது, அதனால் சிரிப்பதையும் குறைத்துவிட்டேன்.

மோட்டார் கம்பெனி வைண்டிங் செக்‌ஷனில் இருபத்து நான்கு வருஷம் காப்பர் கம்பி சுற்றியும் ஒரு விரலுக்குச் சேதம் வந்ததில்லை. ஏப்ரலில் சூலூர் ரோட்டில் ஒரு நாய் குறுக்கே வந்தது, ஸ்கூட்டியோடு போய் விழுந்தேன், பல் போயிற்று. நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. எழுந்து உடம்பை உதறிவிட்டுப் போனது.

இருபத்தொன்றாம் தேதி 'மோட்டார் ரூம்' பேண்ட் கச்சேரி. போக வேண்டுமா என்று யோசிக்கிறேன். இருபத்து நான்கு வருஷத்தில் இப்படி யோசிப்பது இதுதான் முதல் தடவை.

12 ஜூன், வியாழன்

பெங்களூரிலிருந்து ரித்திகா போன். "அம்மா, இன்னுமா அந்தக் கச்சேரிக்கெல்லாம் போறீங்க? அவங்களுக்கே அம்பது வயசாச்சு." எனக்கு நாற்பத்தேழு என்று சொன்னேன். "அதத்தான் சொல்றேன்" என்றாள்.

அவளுக்கு எப்படிச் சொல்வது? சொன்னால் சின்ன விஷயம்தான். பாடுகிற கோவிந்தராஜுலு அண்ணனுக்குச் சூலூர் தாண்டி மாமனார் தோட்டம். காலேஜ் முடித்த நான்கு பேர் கிதார், டிரம்ஸ் என்று தூக்கிக்கொண்டு அலைந்தார்கள், எந்த வீட்டிலும் அந்தச் சத்தத்துக்கு இடம் கொடுக்கவில்லை. தோட்டத்து மோட்டார் ரூமில் வாசித்துப் பழகினார்கள். பேரும் அதுவே ஆகிவிட்டது. டிரம்ஸ் நிஜாம், உக்கடத்துக்காரன். அவன் டிரம்ஸ் தட்டு மாட்டும் ஸ்டாண்டை என் வீட்டுக்காரர்தான் லேத்தில் கடைந்து கொடுத்தார். அதற்கு இரண்டு பாஸ் தந்தான். கல்யாணமாகி ஆறு மாதம், ஞாயிற்றுக்கிழமை வேறு வேலையில்லை, போனோம். 2001.

அன்றைக்குக் கடைசிப் பாட்டு "ஸ்டார்டர்". கரண்ட் வருமா வராதா என்று மோட்டார் ஸ்டார்டரின் பச்சைப் பட்டன் மேல் விரலை வைத்துக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், பாட்டு அவ்வளவுதான். கடைசி அடிக்கு முன்னால் எல்லா வாத்தியமும் சட்டென்று நின்றது. ஹாலில் ஒரு சத்தமில்லை. என் விரல் இரண்டும் தானாக வாய்க்குள் போய்விட்டன. எங்கள் தோட்டத்தில் கடைசிப் பாத்திக்குத் தண்ணி வந்ததும் நான் விசிலடிப்பேன், மோட்டார் ரூமில் அப்பா கேட்டுக்கொண்டு சுவிட்சைத் தட்டுவார். அந்தப் பழக்கம். விசிலைக் கேட்டு நிஜாம் தலை தூக்கிப் பார்த்தான், பார்த்துக்கொண்டே டிரம்ஸை இறக்கினான். முதுகெல்லாம் சிலிர்த்தது எனக்கு. இவர் மட்டும் "மானத்த வாங்கிப்போட்டியே" என்றார்.

அதற்குப் பிறகு அந்த இடத்தை எனக்காகவே நிறுத்திவைக்கிறார்கள். நான் போகாத கச்சேரியில் "ஸ்டார்டர்" வாசிப்பதில்லை. ரித்திகா பிறந்தபோது ஐந்து மாதம் அந்தப் பாட்டு வெளியே வரவில்லை. கூட்டத்தில் என் பேர் யாருக்கும் தெரியாது, விசிலக்கா என்றால்தான் தெரியும். நூற்று எண்பத்தாறு கச்சேரி. எல்லாவற்றையும் ரெக்கார்டரில் பிடித்து நம்பர் போட்டு வைத்திருக்கிறேன்.

பல் போனது அவர்களுக்குத் தெரியாது. நிஜாமிடம் சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை.

15 ஜூன், ஞாயிறு

பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அடித்துப் பார்த்தேன். பல்லோடு, பல்லைக் கழற்றிவிட்டு, உதட்டை மடித்து, மடிக்காமல். காற்றுதான் வருகிறது. வெளியே இவர், "சாந்தா, கேஸ் லீக் ஆகுதா பாரு, புஸ்ஸுன்னு சத்தம் கேக்குது" என்று அடுப்படிக்கு ஓடினார்.

நான் வெளியே வந்தேன். என் விரலைப் பார்த்தார், ஈரமாக இருந்தது. காப்பி போட்டுக் கொடுத்தார். சர்க்கரை கொஞ்சம் எச்சு.

20 ஜூன், வெள்ளி

போகிறேன். வாயை மூடிக்கொண்டு நிற்பேன். நிஜாம் பார்த்தால் தலையை ஆட்டிவிடுவேன். புரிந்துகொள்வான்.

22 ஜூன், ஞாயிறு

என்ன நடந்தது என்று வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

அவினாசி ரோட்டில் ஒரு காலேஜ் மைதானம். ஆறரைக்கு ஆரம்பித்தார்கள். நல்ல கூட்டம், எல்லாம் ரித்திகா வயசு. நான் எப்போதும் நிற்கும் இடது பக்கக் கம்பி ஓரத்தில் நின்றேன். முட்டி வலி. இவர் பின்னால் நாற்காலி பிடித்து உட்கார்ந்துகொண்டார். அண்ணன் நன்றாகத்தான் பாடினார், நன்றாக என்றால் ரொம்பவே நன்றாக. போன வருஷம் மேல் சுருதியில் திணறியவர் இப்போது அலுங்காமல் போகிறாரே, மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரோ என்றுகூட நினைத்தேன்.

ஏழாவதாக "ஸ்டார்டர்". அந்த இடம் வந்தது, எல்லாம் நின்றது. நிஜாம் குச்சியைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன், மாட்டேன் என்று.

விசில் வந்தது.

என் வாய் மூடியிருந்தது. ரெண்டு பக்க ஸ்பீக்கரிலும் வந்தது. கூட்டம் கத்தியது, பக்கத்தில் நின்ற பெண் என் தோளைப் பிடித்துக் குலுக்கி, "செம்மங்க்கா" என்றாள். தலையாட்டினேன்.

வேறு யாரோ அடித்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாமா? முடியாது. அந்த விசில் நடுவில் உடைந்து மறுபடி ஏறும். 2013, பொள்ளாச்சி, நூற்றுப் பதினெட்டாவது கச்சேரி. இவர் பக்கத்தில் தும்மினார், நான் திடுக்கிட்டேன், அதனால் உடைந்தது. அந்த ரெக்கார்டிங்கை எத்தனை தடவை கேட்டிருப்பேன். என் விசில் எனக்குத் தெரியாதா.

அப்புறம்தான் அண்ணனைக் கவனித்தேன். துண்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மைக் இடுப்புக்கு இறங்கியிருந்தது. ஸ்பீக்கரில் அவர் குரல் பாடிக்கொண்டே இருந்தது.

பேண்டின் இருபத்தைந்தாவது வருஷத்துக்குப் பழைய ரெக்கார்டிங் வேண்டும் என்று நிஜாம் பொங்கலுக்கு வந்து கேட்டான். என் ஹார்ட் டிஸ்கை முழுசாகத் தூக்கிக் கொடுத்தேன். டப்பாவில் போட்டு, மேலே குங்குமம்கூட வைத்துக் கொடுத்தேன். கிறுக்கி.

ரெக்கார்டிங் கேட்க நான் ஏன் பஸ் ஏறிப் போகணும்? ஊட்டுலயே இருக்குதே. என்னுதே இருக்குதே. நேர்ல கேக்கத்தானே இத்தன வருசம் முட்டி தேயத் தேயப் போனேன்?

24 ஜூன், செவ்வாய்

வாட்ஸ்அப்பில் மூன்று பேர் வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். "விசிலக்கா, அப்படியே இருக்கீங்க."

26 ஜூன், வியாழன்

மார்ச் மாதத்துப் பக்கத்தைப் புரட்டினேன். மார்ச் கச்சேரிக்குப் பல்லோடு போனவள் நான். இப்படி எழுதியிருக்கிறேன்: "இன்றைக்கு என் விசில் எவ்வளவு பெரிசாகக் கேட்டது, எனக்கே ஆச்சரியம்." பெருமை வேறு. அன்றைக்கும் ஸ்பீக்கரில் அது இருந்திருக்கிறது. எனக்கு மேல் நானே அடித்திருக்கிறேன்.

அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாம் என்று பார்த்தேன். பின்பக்கம் சிலிண்டர் புக் பண்ணிய நம்பர் இருந்தது. விட்டுவிட்டேன்.

29 ஜூன், ஞாயிறு

இன்று தோட்டத்துக்கே போனேன். இவர் பைக்கில் கொண்டுபோய் விட்டார், "நான் தென்ன மரத்தடியில இருக்கேன், நீ பேசிட்டு வா" என்றார். கோபம் என்னுடையது, அவர் எதற்கு நடுவில்.

மோட்டார் ரூமில் அண்ணனும் நிஜாமும் மட்டும் இருந்தார்கள். கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். "வாங்க அம்மணி" என்றார் அண்ணன். குரல் காற்றாக வந்தது. காய்ச்சல்காரர் பேசுவதுபோல. ஸ்டேஜுக்கு வெளியே அவர் பேசிக் கேட்டு ஆறேழு மாதம் ஆகியிருக்கும், அது அப்போதுதான் உறைத்தது.

கைக்குட்டையை எடுத்தேன், பல்லைக் கழற்றினேன், வாயைத் திறந்து காட்டினேன். நிஜாம் கையிலிருந்த கேபிளைக் கீழே வைத்தான்.

"எப்பங்க்கா?"

"ஏப்ரல்ல."

"அப்ப அன்னைக்கு..."

"நான் அடிக்கல."

நிஜாம் அண்ணனைப் பார்த்தான், பிறகு அவனே சொன்னான். தை மாசம் டாக்டர் ஒரு பக்கத்துக் குரல் நரம்பு செத்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். அதிலிருந்து எல்லாப் பாட்டுக்கும் பழைய குரலை ஓட்டுகிறார்கள். என் ரெக்கார்டிங்கிலிருந்து குரலை மட்டும் பிரித்தெடுக்க சாஃப்ட்வேர் இருக்கிறதாம். டிரம்ஸ், கிதார் எல்லாம் போய்விட்டது, விசில் மட்டும் குரலோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. "அத வெட்டுனா அதுக்கு ஒட்டினாப்புல அண்ணன் எடுக்கற கடைசிச் சொல்லும் சேந்து போயிருதுங்க்கா. எப்படியும் அந்த எடத்துல நீங்க அடிப்பீங்க, அதுல மறஞ்சுக்கும்னு விட்டுட்டோம்."

என்னை நம்பி விட்டிருக்கிறார்கள். நான் தவறாமல் வருவேன், தவறாமல் அடிப்பேன் என்று. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

"ஏனுங்ணா, நான் இருபத்து நாலு வருசமா வந்தது எதுக்குங்க?" என்றேன். பல்லில்லாமல் சொன்னதில் பாதி காற்றாகப் போனது. அவருக்கும் எனக்கும் அந்த ரூமில் ஒரே குரல்.

"கூட்டம் கேக்கறது அந்தப் பழைய கொரலத்தானுங்க அம்மணி. இப்ப இருக்கறதப் பாடுனா எந்திரிச்சுப் போயிருவாங்க."

"போறவங்க போகட்டுங்களே."

"நீங்க சொல்லிப்போடுவீங்க. அங்க நிக்கறது நானு."

நிஜாம் டீ ஊற்றினான். அப்புறம் அண்ணன் ஒன்று கேட்டார். அதை இங்கே எழுதவே கூசுகிறது.

"ஜூலைல இருபத்தஞ்சாவது வருசம். அன்னைக்கு மட்டும் வந்து, வெரல வாயில வெச்சுக்குங்க. போதும். சத்தம் நாங்க பாத்துக்கறோம்."

"கெளம்பறேனுங்க" என்று எழுந்துவிட்டேன். டீ அப்படியே இருந்தது. தென்னை மரத்தடியில் இவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

3 ஜூலை, வியாழன்

அலுப்பு. டபுள் ஷிஃப்ட் பார்த்தால்கூட இப்படி இருக்காது.

ரசிகர் குரூப்பில் இரண்டாயிரம் பேர். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் எல்லாவற்றையும் டைப் அடித்தேன். படித்துப் பார்த்தேன், அழித்தேன். சொல்லிவிட்டால் அத்தோடு மோட்டார் ரூம் முடிந்தது. அந்த மனுஷன் தொண்டை போனதே அவருக்குப் போதாதா? நானும் வேறு ஏறி மிதிக்க வேண்டுமா?

அவர் பொய்யாகப் பாடுவதில்கூட எனக்கு அவ்வளவு கோபமில்லை. என்னையும் அதில் கூட்டுச் சேர்க்கிறாரே, அதுதான். வாயில் விரலை வைத்துக்கொண்டு பொம்மை மாதிரி நிற்க நான் எதற்கு, ஒரு கட்-அவுட் வைத்துக்கொள்ளட்டும்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், யாரும் படிக்கப் போவதில்லை. அன்றைக்கு ஸ்பீக்கரில் அந்த விசில் வந்தபோது, முதல் நொடியில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஐயோ, இன்னும் வருதே என்று. ஒரே நொடிதான். அண்ணனுக்கு ஒவ்வொரு பாட்டுக்கும் அப்படித்தான் இருக்குமோ என்னவோ.

11 ஜூலை, வெள்ளி

நிஜாமுக்கு மெசேஜ் போட்டேன்: "பத்தொன்பதாம் தேதி நான் வரவில்லை. நான் இல்லாமல் ஸ்டார்டர் வாசிப்பதில்லை என்பது உங்கள் வழக்கம், அதை நான் பிடித்துக்கொண்டு நிற்கப் போவதில்லை. வாசியுங்கள். ஆனால் என் விசிலை எடுத்துவிட்டு வாசியுங்கள். அது என்னுடையது."

நீல டிக் வந்தது. பதில் இல்லை.

14 ஜூலை, திங்கள்

ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்போது நிஜாம் போன் செய்தான்.

"அண்ணன் சொல்லச் சொன்னாருங்க்கா. உங்கள வரச் சொன்னாரு."

"வெரல் வெக்கறதுக்கா?"

"இல்லீங். வெரல் வேண்டாமுன்னாரு. சும்மா வந்து நிக்கச் சொன்னாரு."

"எதுக்கு நிஜாமு?"

"எனக்கும் சொல்லலீங்க்கா."

பஸ்ஸில் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன், என் ஸ்டாப் தாண்டிப் போய்விட்டது.

19 ஜூலை, சனி

காலையிலேயே இவர் பைக்கைத் துடைத்துவிட்டார். ரெக்கார்டருக்குப் பேட்டரி மாற்றி மேஜை மேல் வைத்திருக்கிறார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. போகிறோம் போலிருக்கிறது.

20 ஜூலை, ஞாயிறு

ரேஸ் கோர்ஸ் பக்கம் ஒரு ஹால். எழுநூறு பேர் இருக்கும், ஏ.சி. வேலை செய்யவில்லை, ஃபேன் ஓடியது. எனக்கு நூற்று எண்பத்தெட்டாவது கச்சேரி.

அண்ணன் முதல் பாட்டை எடுத்தார். உமியை முறத்தில் இழுப்பதுபோல ஒரு சத்தம். மேல் சுருதிக்குப் போகவே இல்லை, எல்லாவற்றையும் கீழே இறக்கி, சில வரிகளைப் பேசுவதுபோலச் சொன்னார். இரண்டாம் பாட்டில் பின்னாலிருந்து ஒருவர், "மைக்க கூட்டுங்கப்பா" என்றார். மைக் சரியாகத்தான் இருந்தது. நாலாம் பாட்டில் எழுந்து போக ஆரம்பித்தார்கள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே, குனிந்து குனிந்து போனார்கள், நம்ம ஊர்க்காரர்கள் அப்படித்தான். ஒரு வரிசை முழுசாகக் காலியானது. நான்தானே போகிறவர்கள் போகட்டும் என்று சொன்னது. சொல்வது சுலபம். அண்ணன் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டேதான் பாடினார், தலையைக் குனியவில்லை.

"ஸ்டார்டர்" வரும்போது பாதிக் கூட்டம்தான் இருந்தது. இருந்தவர்களும் ஏன் இருந்தார்கள் என்று சொல்ல முடியாது, சிலர் மரியாதைக்கு இருந்திருப்பார்கள். அந்த இடம் வந்தது. எல்லாம் நின்றது.

ஸ்பீக்கரில் ஒன்றும் வரவில்லை. எடுத்துவிட்டிருக்கிறார்கள்.

நிஜாம் குச்சியைத் தூக்கியபடி என்னைப் பார்த்தான். அண்ணனும் பார்த்தார். அப்புறம் கூட்டமே திரும்பிப் பார்த்தது. ஒன்றும் செய்யாமல் நின்றிருக்கலாம், சும்மா வந்து நிற்கத்தானே சொன்னார். ஆனால் அந்த மனுஷன் எழுநூறு பேருக்கு முன்னால் வெறும் தொண்டையோடு நின்றுவிட்டார், நான் என்ன பெரிய மகாராணியா? கைக்குட்டையை எடுத்தேன். எல்லோர் முன்னாலும் பல்லைக் கழற்றினேன். விரலை வைத்து, அடிவயிற்றிலிருந்து ஊதினேன்.

காற்று வந்தது. அவ்வளவுதான் வந்தது.

யாரோ ஒரு ஆள் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர் அவரை "சும்மா இருங்க" என்றார். நிஜாம் டிரம்ஸில் இறங்கினான். விசிலுக்கு எப்படி இறங்குவானோ அதே மாதிரி, ஒரு துளிகூடக் குறைக்காமல்.

காலையில் காப்பி குடித்துக்கொண்டே ரெக்கார்டிங்கைக் கேட்டேன். அந்த இடத்தில் ஒன்பது நொடி இருக்கிறது. ஃபேன் ஓடுகிறது, யாரோ இருமுகிறார்கள். அப்புறம் சைக்கிள் டியூபில் காற்று இறங்குவதுபோல நான். அப்புறம் டிரம்ஸ். ரொம்ப அசிங்கமாகத்தான் இருக்கிறது. இவர் மறுபடி போடச் சொன்னார், போட்டேன். "கேஸ் லீக்" என்றார். இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல் தம்ளருக்குள் கிடந்தது, கழன்று விழ ஒன்றுமில்லை.

23 ஜூலை, புதன்

டீ டைமில் போனைப் பார்த்தேன். அண்ணனே அனுப்பியிருந்தார், எப்போதும் நிஜாம்தான் அனுப்புவான்.

"ஆகஸ்ட் 9, பொள்ளாச்சி. சின்ன ஹால்தானுங்க, எரநூறு பேர். ஸ்டார்டர் வெக்கட்டுங்களா?"

"வைங்க" என்று போட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.